முசே தெட்சிணாமூர்த்தி படித்த தந்தி

காரைக்காலில் தெட்சிணாமூர்த்தியை யாரும் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முசே என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளைக்காரத் துரைகளுக்குப் போடுகிற அந்த மரியாதைச் சொல் முப்பது வயதிலேயே அவரோடு ஒட்டிக்கொண்டது. அம்பகரத்தூர் பக்கம் நெல் பயிரிட்ட குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் படித்தவர் அவர் ஒருவர்தான். பிரெஞ்சில் பிரெவே பரீட்சை தேறி, கோர்ட்டில் மொழிபெயர்ப்புக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சாட்சி தமிழில் சொல்வதை ஜட்ஜுக்குப் பிரெஞ்சில் சொல்வார். ஜட்ஜு கேட்பதைச் சாட்சிக்குத் தமிழில் சொல்வார். இருபத்து மூன்று வருஷம் அதே வேலை.

ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார் என்று பெயர் வாங்கியிருந்தார். ஒரு முறை சாட்சிக் கூண்டில் ஏறிய பெண், "அந்த ஆளு என்னை ஒரு மாதிரியாப் பாத்தாருங்க" என்றாள். அதை அப்படியே பிரெஞ்சுக்குக் கொண்டுபோக முடியாது என்று அவர் நின்றுவிட்டார். எந்த மாதிரி, கோபமாகவா, கேலியாகவா, கெட்ட எண்ணத்தோடா என்று அவளிடம் நிதானமாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் ஜட்ஜு பக்கம் திரும்பினார். அன்று ஜட்ஜு எல்லார் முன்னிலும் அவரைப் பாராட்டினார். வீட்டுக்கு வந்து மனைவி திரிபுரசுந்தரியிடம் அதை இரண்டு தடவை சொன்னார்.

ஐம்பத்து நாலு நவம்பரில் பிரெஞ்சுக்காரன் போய்க் கொடி மாறியது. ஊரே தெருவில் நின்று கைதட்டியபோது அவரும் தட்டினார். ஆனால் மெல்ல மெல்ல ஆபீஸ் காகிதங்கள் ஆங்கிலத்தில் வர ஆரம்பித்தன. புதிதாக வந்த அதிகாரி நல்ல மனுஷர்தான். "ஒரு வருஷம், ரெண்டு வருஷம் எடுத்துக்குங்க. பரீட்சை ஒண்ணு வைப்பாங்க. தேறிட்டா இதே வேலை உங்களுக்குத்தான்" என்றார். அப்போது தெட்சிணாமூர்த்திக்கு நாற்பத்தேழு வயது. கும்பகோணத்திலிருந்து தடித்த அகராதி ஒன்றை வரவழைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நீளமான நோட்டு ஒன்றில் மூன்று பத்தி போட்டார். முதலில் ஆங்கிலம், அடுத்து பிரெஞ்சு, கடைசியில் தமிழ். ஒரு சொல்லுக்கு நேராக ஒரு சொல். அதுதான் அவர் முறை. சில சொற்கள் அந்தப் பத்திக்குள் அடங்காமல் படுத்தின. "லெஃப்ட்" என்பதற்கு முதலில் இடது என்று எழுதினார். ஒரு வாரம் கழித்து அதே சொல் வேறு பாடத்தில் வந்தது. அங்கே அதற்குக் கிளம்பிப் போனான் என்று அர்த்தம். அவருக்குச் சிரிப்பு வந்தது.

"பாத்தியா, இடது பக்கமும் லெஃப்டு, எந்திரிச்சுப் போனாலும் லெஃப்டு. பிரெஞ்சுல இதுக்கு ரெண்டு தனிச் சொல்லு. இவனுங்க சிக்கனக்காரனுங்க" என்று மனைவியிடம் சொன்னார். நோட்டில் இரண்டாவது வரியையும் எழுதி அந்தச் சொல்லை முடித்துவிட்டார்.

ஊர்க்காரர்களுக்குப் பிரெஞ்சும் ஒன்றுதான், ஆங்கிலமும் ஒன்றுதான். முசே படித்தவர், அவ்வளவுதான். திருமலைராயன்பட்டினத்திலிருந்து ஒருவர் ஏதோ ஆங்கில நோட்டீஸைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, எனக்கு அது தெரியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. உள்ளே எடுத்துப்போய் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் போராடிவிட்டு, வெளியே வந்து சரளமாகப் படித்துச் சொன்னார். சரியாகத்தான் சொல்லியிருந்தார். அதன் பிறகு ஆட்கள் வருவது கூடிப்போனது.

அவர் தெருவின் முனையில் கமருன்னிசாவின் வீடு. அவள் புருஷன் மீரா சாகிபு பினாங்குக்கு வடக்கே கெடா பக்கத்தில் ஓர் ஆற்றங்கரைச் சிற்றூரில் துணிக்கடை வைத்திருந்தார். மூத்த மகன் ஜெய்னுலாபுதீனும் இளையவன் கபீரும் அவரோடு இருந்தார்கள். ஐந்து வருஷமாக மூவரும் ஊர்ப்பக்கம் வரவில்லை. மகள் அமீர் நிஷாவுக்கு நிக்காஹ் நிச்சயமாகி, ரஜப் மாதம் நாள் குறித்திருந்தது. மூன்று பேரும் தை மாதக் கப்பலில் ஏறிவிடுவோம் என்று மீரா சாகிபு எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைக் கமருன்னிசா தெருவில் எல்லாருக்கும் சொன்னாள்.

ஐம்பத்தாறாம் வருஷம் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் தம்பி முகைதீன் பிச்சை வேகமாக வந்தான்.

"முசே, மலாயாவுலேருந்து தந்தி வந்துருக்கு. அக்கா உங்களைக் கையோட கூட்டியாரச் சொன்னிச்சு."

தெட்சிணாமூர்த்தி சட்டையை மாட்டிக்கொண்டு போனார். கமருன்னிசாவும் மகளும் வாசல் திரைக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். தந்தியில் மொத்தம் ஐந்து சொல். "ஒன்லி கபீர் லெஃப்ட். லெட்டர் ஃபாலோஸ்." அடியில் மன்சூர் அலி என்ற பெயர். மன்சூர் அலி கடைச் சிப்பந்தி. மீரா சாகிபு தன் பெயரில் தந்தி கொடுக்காமல் சிப்பந்தி ஏன் கொடுத்தான் என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியது. தபாலாபீசுக்குப் போய்வருகிறவன் அவனாக இருக்கும் என்று விட்டுவிட்டார். அகராதிகூட வேண்டியிருக்கவில்லை. ஐந்து சொல்லும் அவருக்குத் தெரிந்த சொற்கள்.

"கபீர் மட்டும் கிளம்பிட்டான்மா. விவரம் காயிதத்துல வருதாம்."

"கபீர் மட்டுமா? அவுங்க? பெரியவன்?"

"அவங்க ரெண்டு பேரும் கிளம்பலேன்னு ஆவுது. ஏன்னு காயிதம் வந்தாத்தான் தெரியும்."

கமருன்னிசாவின் குரல் உயர்ந்தது. "மவ நிக்காஹ்வ விட அவுங்களுக்குக் கடை பெரிசாப் போச்சு. பாத்தீங்களா அண்ணே?"

"அப்படிச் சொல்லாதம்மா. என்னா நெருக்கடியோ."

"என்னா நெருக்கடி? பெருநாள் யாவாரமா? அஞ்சு வருசமா எனக்குத்தான் நெருக்கடி."

மறுநாள் மாலை அவர் ஆபீஸிலிருந்து திரும்பும்போது மறுபடி கூப்பிட்டு அனுப்பினாள். தானே தமிழில் எழுதி மடித்த கடிதத்தை, உறைக்குள் போட்டு ஒட்டி, மகளிடம் கொடுத்து நீட்டச் சொன்னாள். மேலே ஆங்கிலத்தில் விலாசம் எழுத வேண்டும். விமானத் தபாலில் போக வேண்டும்.

"உள்ள என்னா எழுதிருக்கேன்னு கேக்க மாட்டீங்களா அண்ணே? மவ நிக்காஹுக்கு வராத வாப்பா இனி எப்ப வந்தா என்னா, வராட்டி என்னா, இந்த வாசல்ல கால வைக்க வேணாம்னு எழுதிருக்கேன்."

"கொஞ்சம் காரம் கூடிப்போச்சும்மா."

"கூடட்டும். அப்பத்தான் உறைக்கும்."

அவர் சிரித்துக்கொண்டே தன் அழகான கையெழுத்தில் விலாசத்தை எழுதினார்.

அடுத்த பத்து நாளும் அந்த வீட்டில் ஓயாத வேலை. சுவருக்கு வெள்ளையடித்தார்கள். கபீருக்குப் பிடிக்குமென்று பெட்டி நிறையப் பலகாரம் செய்து வைத்தாள் கமருன்னிசா. கோபம் கோபமாகவே இருந்தாலும் பிள்ளை வருகிற சந்தோஷத்தில் புதுப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டாள். போகிற வருகிற பெண்களிடம் புருஷனைப் பற்றிக் குறை சொன்னாள். அதில் பெருமையும் கலந்திருந்தது. எல்லாரும் கேட்டுச் சிரித்தார்கள்.

கப்பல் வருகிற நாளில் முகைதீன் பிச்சையும் தெட்சிணாமூர்த்தியும் பஸ் பிடித்து நாகப்பட்டினம் போனார்கள். கப்பல் தூரத்தில் நின்றது. படகு படகாக ஆட்கள் கரையிறங்கினார்கள். கடைசிப் படகு காலியாகும் வரை நின்றும் கபீரைக் காணவில்லை. இறங்கியவர்களில் கெடா பக்கத்து ஆட்கள் யாருமில்லை. பினாங்கில் சீட்டுக் கிடைக்காமல் தங்கியிருப்பான், அடுத்த கப்பலில் வருவான் என்று தெட்சிணாமூர்த்தி சொன்னார். வீட்டுக்கு வந்து கமருன்னிசாவிடமும் அதையே சொன்னார். அவளும் நம்பினாள்.

தந்தி வந்த பதினாறாம் நாள் தபால்காரர் கடிதம் கொண்டுவந்தார். தெட்சிணாமூர்த்தி அப்போது ஆபீஸுக்குப் புறப்படச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தெரு முனையிலிருந்து எழுந்த அலறலைக் கேட்டு, கையைக் கழுவாமல் ஓடினார்.

கபீர் எழுதியிருந்தான். வலது கை முறிந்து கட்டுப் போட்டிருந்ததால் இடது கையால் எழுதிய கோணல் எழுத்து. கப்பலுக்குப் புறப்படும் முன்பு, அக்கரையில் இருந்த சிநேகிதர்களிடம் விடைபெற மூவரும் படகில் போயிருக்கிறார்கள். ஆற்றில் வெள்ளம். திரும்பும்போது படகு ஒரு மரத்தில் மோதிக் கவிழ்ந்துவிட்டது. வாப்பாவின் உடல் அன்றைக்கே கிடைத்தது. ஜெய்னுலாபுதீனை நாலு நாள் தேடினார்கள், கிடைக்கவில்லை. "மன்சூர் மாமா அன்னைக்கே உங்களுக்குத் தந்தி கொடுத்தாங்க. தேடுறத நிறுத்தின அன்னைக்கு, நான் ஒருத்தன்தான் மிச்சம்னு ரெண்டாவது தந்தி கொடுத்தாங்க. ரெண்டும் வந்திருக்கும் உம்மா. ஆஸ்பத்திரியில கெடந்ததால உடனே எழுத முடியல."

முகைதீன் பிச்சை உடைந்த குரலில் படித்துக்கொண்டு போனான். உள்ளே பெண்கள் கதறிக்கொண்டிருந்தார்கள். யாரும் அந்த வரியில் நிற்கவில்லை. வாசலில் நின்ற தெட்சிணாமூர்த்தி மட்டும் நின்றுவிட்டார். முதல் தந்தி வந்து சேரவேயில்லை. இரண்டாவது தந்தியை அவர்தான் படித்தார்.

வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினார். அவர் எழுதி முடித்துவிட்ட சொல் அங்கே முக்கால் பத்தி ஓடியது. இடது. கிளம்பிப் போன. கைவிட்ட. வேலையை விட்ட. உயிலில் எழுதி வைத்துப் போன. அப்படியே இருக்கவிட்ட. எஞ்சிய. போனவனுக்கும் இருப்பவனுக்கும் அந்த மொழியில் ஒரே சொல். கபீர் மட்டும் கிளம்பினான் என்பதும் கபீர் மட்டும் மிஞ்சினான் என்பதும் எழுத்து மாறாமல் ஒரே தந்தி. அகராதி ஒரு வருஷமாக அவர் மேசையில்தான் இருந்தது.

அன்று ஆபீஸுக்குப் போகவில்லை. சாயங்காலம் திரிபுரசுந்தரியிடம் சொன்னார்.

"நான்தான் தப்பாப் படிச்சேன். செத்துப்போன மனுசனை அந்தப் பொண்ணு பதினாறு நாளா திட்டிக்கிட்டு இருந்திருக்கு. பூ வச்சிக்கிட்டு இருந்திருக்கு."

"அவங்களுக்குத் தெரியுமா?" என்று அவள் கேட்டாள்.

"தெரியாது. இந்த ஊர்ல யாருக்கும் தெரியாது. நீ போய்ப் பக்குவமாச் சொல்லேன்."

"நீங்க படிச்சுச் சொன்னத நான் எப்படிங்க போய்ச் சொல்றது? நீங்களே சொல்லுங்க."

ஆனால் அவர் போய்ச் சொல்ல வழியில்லை. கமருன்னிசா இத்தா இருக்க உட்கார்ந்துவிட்டாள். புருஷன் மௌத்தான நாளிலிருந்து நாலு மாதம் பத்து நாள் அன்னிய ஆண் யாரும் அவளோடு பேச முடியாது. முகைதீன் பிச்சையிடம் போனார். அவன் முழுக்கக் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"இருக்கட்டும் முசே. இப்ப அதச் சொல்லி என்னா ஆவப் போவுது? நீங்க சரியாப் படிச்சிருந்தா மச்சான் எந்திரிச்சா வரப்போறாங்க? அக்காகிட்ட சொல்லாதீங்க. தாங்காது."

அவன் சொன்னது நியாயம் என்றுதான் அவருக்கும் பட்டது. ஆனால் கோர்ட்டில் சாட்சிக்கு அர்த்தம் சொல்ல எழும்போதெல்லாம் நாக்கு நின்றது. ஒரு சொல்லுக்கு மூன்று கேள்வி கேட்டார். சாட்சிகள் எரிச்சலடைந்தார்கள். ஜட்ஜு ஒரு நாள், உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்.

பங்குனியில் கபீர் வந்தான். பத்தொன்பது வயது. முறிந்த கை கொஞ்சம் வளைந்தே கூடியிருந்தது. தெட்சிணாமூர்த்தி அவனைக் கடற்கரைப் பக்கம் அழைத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னார். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"எனக்குத் தெரியும் மாமா" என்றான் கடைசியில்.

"எப்படிப்பா?"

"உம்மா எழுதின காயிதம் ஆஸ்பத்திரிக்கு வந்திச்சு. வாப்பா பேருக்குத்தான் வந்திச்சு. நான்தான் பிரிச்சேன். இந்த வாசல்ல கால வைக்க வேணாம்னு எழுதியிருந்தாங்க. படிச்சப்பதான் உங்களுக்கு விசயமே தெரியலேன்னு புரிஞ்சிச்சு. அதுக்கப்புறம் எந்திரிச்சு உக்காந்து எழுதினேன். காயிதம் கெடச்சதக் காட்டிக்காம, தந்தி ரெண்டும் வந்திருக்கும்னே எழுதினேன்."

தெட்சிணாமூர்த்தி மணலில் உட்கார்ந்துவிட்டார். அந்த உறையின் மேலிருந்தது அவர் கையெழுத்து. அதையும் அந்தப் பையன் பார்த்திருப்பான்.

"அந்தத் தந்தியில தப்பு இல்ல மாமா" என்றான் கபீர். "மன்சூர் மாமா என்னா எழுதறதுன்னு கேட்டாங்க. நான் மட்டும்தான் மிச்சம்னு போடுங்கன்னேன். அங்க ஒரு சீனக் கிளார்க்கு அத இங்கிலீஷுல போட்டான். எல்லாரும் சரியாத்தான் செஞ்சிருக்கோம்."

"நான் சரியாச் செய்யலப்பா."

கபீர் அவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, "ஒண்ணு கேக்கறேன், செய்வீங்களா?" என்றான். "அந்தக் காயிதம் வந்து சேந்துச்சான்னு உம்மா தெனம் கேக்கறாங்க. வந்து சேரலேன்னு சொல்லிருக்கேன். யார் கேட்டாலும் நீங்களும் அப்படியே சொல்லணும்."

அவர் தலையாட்டினார்.

வைகாசிக் கடைசியில் இத்தா முடிந்தது. தெரியாமல் கழிந்த இருபது நாளும் சேர்த்திதான், மௌத்தான தேதியிலிருந்து எண்ணினால் போதும் என்று ஆலிம் சொல்லி அனுப்பியிருந்தார். கமருன்னிசா கேட்கவில்லை. "அந்த இருவது நாளு நான் இருக்கல. பூ வச்சிக்கிட்டு இருந்தேன்" என்று சொல்லி, இன்னும் இருபது நாள் அதே அறையில் உட்கார்ந்தாள். இதைத் திரிபுரசுந்தரி கேட்டு வந்து சொன்னாள். அன்றே தெட்சிணாமூர்த்தி முடிவு செய்துவிட்டார். யார் தடுத்தாலும் சொல்லிவிடுவது.

அந்த நாளும் கழிந்த பிறகு ஒரு காலையில் போனார். பழையபடி வாசல் திரைக்கு இப்பால் நாற்காலி போட்டார்கள். திரைக்கு அப்பால் அவள் வந்து உட்கார்ந்த சத்தம் கேட்டது. கபீர் அவருக்குப் பக்கத்தில் நின்றான்.

"அம்மா, அன்னைக்கு வந்த தந்தியில, கபீர் ஒருத்தன்தான் மிஞ்சியிருக்கான்னு இருந்துது. நான் அதக் கிளம்பிட்டான்னு படிச்சேன். அந்தச் சொல்லுக்கு ரெண்டு அர்த்தமும் உண்டு. எனக்கு ஒண்ணுதான் தெரிஞ்சிருந்துது. அகராதி பாத்திருக்கலாம். பாக்கல. எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாத் தெரியாதும்மா. தெரியும்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

ஒத்திகை பார்த்ததில் பாதிதான் வாயில் வந்தது. போய்விட்டாளோ என்று கபீர் திரையை விலக்கிப் பார்த்தான். அவள் அங்கேயேதான் இருந்தாள்.

"தந்தி வந்தன்னைக்கே அவுங்க போயி நாலு நாளாச்சா?"

"ஆமாம்மா."

"நீங்க சரியாப் படிச்சிருந்தா அந்தக் காயிதத்த நான் எழுதியிருக்க மாட்டேன்."

"எழுதியிருக்க மாட்டீங்க."

"அது எங்க போச்சு அண்ணே? நீங்கதானே வெலாசம் போட்டீங்க? போய்ச் சேந்துதா?"

பக்கத்தில் கபீர் அசையாமல் நின்றான். உண்மை சொல்ல வந்த மனிதர் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார்.

"சேரலம்மா. வெலாசத்தையும் நான் சரியா எழுதல போலருக்கு."

அவள் அழ ஆரம்பித்தாள். இத்தனை மாதமாக அழுததைப் போல இல்லை, ஏதோ இறங்கினாற்போல அழுதாள். அவர் எழுந்து வந்துவிட்டார். யாரும் அவரை இரு என்று சொல்லவில்லை.

அமீர் நிஷாவின் நிக்காஹ் அந்த வருஷக் கடைசியில் மேளம், விருந்து எதுவும் இல்லாமல் நடந்தது. தெட்சிணாமூர்த்தி வீட்டுக்கும் அழைப்பு வந்தது; திரிபுரசுந்தரி மட்டும் போய்வந்தாள். கமருன்னிசா அவரைப் பற்றி யாரிடமும் ஒரு குறை சொன்னதில்லை. எந்தக் காகிதத்தையும் படிக்கச் சொல்லி அவரைக் கூப்பிட்டதும் இல்லை. அடுத்த வருஷம் கபீர் மலாயாவுக்கே திரும்பிப் போனான். அங்கே கடை இருந்தது, வாப்பாவை அடக்கிய கபுரும் இருந்தது. ஊரில் இருந்துகொண்டு அவனால் என்ன செய்ய முடியும்? பஸ் ஏறும்போது அவரிடமும் வந்து சலாம் சொல்லிவிட்டுத்தான் போனான்.

ஆங்கிலப் பரீட்சைக்குத் தெட்சிணாமூர்த்தி உட்காரவில்லை. அதிகாரி கூப்பிட்டு எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. மொழிபெயர்ப்பு வேலையைத் தஞ்சாவூரிலிருந்து வந்த ஓர் இளைஞரிடம் ஒப்படைத்துவிட்டு, பழைய பிரெஞ்சுக் கட்டுகள் அடுக்கிய ரெக்கார்டு ரூமுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கே பேச வேண்டிய ஆள் யாருமில்லை. வீட்டில் நோட்டும் அகராதியும் பரணுக்குப் போயின.

ஐம்பத்தொன்பதில் ஒரு நாள் காரைக்கால்மேட்டிலிருந்து மருதையன் என்ற மீனவர் கையில் தந்தியோடு வந்தார். பம்பாயிலிருக்கும் மகள் வீட்டிலிருந்து வந்த தந்தி. படித்துச் சொல்லச் சொல்லி நீட்டினார்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது" என்றார் தெட்சிணாமூர்த்தி.

"உங்களுக்கா முசே? வெளாடாதீங்க."

"நெசமாத்தான். அடுத்த தெருவுல பள்ளிக்கூட வாத்தியார் நீலமேகம் இருக்கார், அவர்கிட்ட போங்க."

மருதையன் போனதும் அவரால் உட்கார முடியவில்லை. பின்னாலேயே நடந்து போய் வாத்தியார் வீட்டு வாசலுக்கு எதிரே வெயிலில் நின்றார். கொஞ்ச நேரத்தில் மருதையன் வெளியே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறதாம், தாயும் பிள்ளையும் சுகமாம்.

தெட்சிணாமூர்த்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வாத்தியார் எல்லாச் சொல்லையும் படிச்சாரா? ஒண்ணுகூட விடாம? அகராதி பாத்தாரா?"

"பாக்காமயே சொல்லிட்டாருங்க."

"திரும்பப் போய்ப் பாக்கச் சொல்லுங்க" என்றார். மருதையன் அவரை விநோதமாகப் பார்த்து, கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, சந்தோஷச் செய்தியைச் சொல்லக் கடற்கரைப் பக்கம் நடந்தார். தெட்சிணாமூர்த்தி சிறிது நேரம் அங்கேயே நின்றார். பிறகு வாத்தியார் வீட்டுக் கதவைத் தட்டினார்.